கம்பெனி வந்துருச்சு, ஊர் எப்ப வரும்? ஒரகடத்துக்கு சிங்கப்பூரின் ‘ஜூரோங்’ சொல்லும் பாடம்

13 பிளாக். ஒவ்வொரு பிளாக்கிலும் 240 ரூம். ஒரு ரூமுக்கு 6 பேர். மொத்தம் 18,720 படுக்கைகள். செலவு 706.50 கோடி ரூபாய்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில், வல்லம் வடகால் சிப்காட்டில், ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்காகக் கட்டப்பட்ட தங்குமிடத்தின் கணக்கு இது. 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியுவும் விழாவுக்கு வந்திருந்தார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால், ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம் ரூபாய் வருகிறது.

இது நல்ல செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கு. ஹூண்டாய் இந்தப் பக்கம் அடிக்கல் நாட்டியது 1996-ல். அதிலிருந்து தொழிலாளிக்கு இவ்வளவு பெரிய தங்குமிடம் ஒன்றை அரசே கட்ட 28 வருஷம் ஏன் ஆனது? ஆலைக்கு இடம், ரோடு, கரன்ட், தண்ணீர் எல்லாம் கணக்குப் போட்டு வரைந்தவர்கள், ஆலைக்குள் வேலை பார்க்கிறவர் ராத்திரி எங்கே தூங்குவார் என்பதை ஏன் வரையவில்லை?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் ஒரு ஊர் 1960-களிலேயே பதில் தேட வேண்டி வந்தது. அந்த ஊரின் பெயர் ஜூரோங். அங்கே கற்றுக்கொண்டதை வைத்து ஒரு பெரிய கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் கம்பெனியே உருவாகி, சீனா, ருவாண்டா, ஆந்திரா என்று பல ஊர்களுக்கு பிளான் போட்டுக் கொடுத்தது. அந்த பிளான்கள் எங்கே வேலை செய்தன, எங்கே சிக்கின, நம்ம ஒரகடத்துக்கு அதில் என்ன இருக்கு என்று பார்ப்போம்.

முதல்ல, இந்தத் தொழில் வழித்தடம் எப்படி உருவாச்சு?

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கிளம்பினால் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கபெருமாள் கோவில் ரோட்டில் திரும்பினால் வல்லம், ஒரகடம். அரசின் தொழில் பூங்கா நிறுவனமான சிப்காட், 1971-ல் தொடங்கப்பட்டது. அது நிலத்தைக் கையகப்படுத்தி, ரோடு போட்டு, மனைகளாகப் பிரித்து, பெரும்பாலும் 99 வருஷக் குத்தகைக்கு கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. 1997-ல் தொழில் தேவைக்கான நில எடுப்புக்கு என்றே தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது.

அதன்பிறகு நடந்தது வேகமான கதை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்க ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. நடுவில் 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஒரே கம்பெனியை நம்பி ரூம் எடுத்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு அது பெரிய அடி.

இப்படி ஒவ்வொரு ஆலையும் வந்தபோது அதற்கான மனை தயாராக இருந்தது. ஊர் மட்டும் தயாராக இல்லை. ஒரகடமும் வல்லமும் நிர்வாக ரீதியில் கிராம ஊராட்சிகள். ஸ்ரீபெரும்புதூரே ரொம்ப காலம் பேரூராட்சிதான். சர்வதேச கம்பெனிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில், குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் ஊராட்சியின் தலையில். வேலைக்கு வந்தவர்களின் வீட்டுத் தேவையை, உள்ளூர்க்காரர்கள் தங்கள் காலி இடத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றை ரூம் வாடகை வீடுகளும், கான்ட்ராக்டர்கள் எடுத்து நடத்தும் ஹாஸ்டல்களும்தான் பார்த்துக்கொண்டன. மிச்சப் பேர் காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போனார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் பேர் பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவர் வடிவமைத்த பொது இடம் எது என்று கேட்டால், சட்டென்று சொல்லக்கூடியது ராஜீவ் காந்தி நினைவிடம்தான். நகர வடிவமைப்பாளர் கே.டி.ரவீந்திரன் வடிவமைத்த அந்த இடம் 2003-ல் திறக்கப்பட்டது. தினமும் ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கான ஒரு பூங்காவோ, சந்தையோ, பஸ் நிலையமோ அந்தப் பட்டியலில் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

2021 டிசம்பரில் என்ன நடந்தது?

இந்த விடுபட்ட பகுதி வெளியே தெரிந்தது 2021 டிசம்பரில். பூந்தமல்லி பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்கியிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கு சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி, பேதி. 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையில்லை என்றாலும், கோபம் அடங்கவில்லை. டிசம்பர் 18-ம் தேதி தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். நெரிசலான ரூம், போதாத கழிவறை, மோசமான சாப்பாடு என்ற பல நாள் புகார்கள் அன்றைக்கு ரோட்டுக்கு வந்தன.

ஆலை மூடப்பட்டது. ஐபோன் அசெம்பிள் ஆகும் இடம் என்பதால் செய்தி உலகம் முழுக்கப் போனது. ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. அடுத்த வருஷம் ஜனவரி 12-ம் தேதிதான் ஆலை மறுபடி திறந்தது. உற்பத்தியை நிறுத்தியது மெஷின் கோளாறோ, கரன்ட் கட்டோ இல்லை. ஒரு ஹாஸ்டலின் சமையலறை.

நகரத் திட்டமிடலைப் பலர் அழகான கட்டடம் கட்டும் விஷயமாக நினைக்கிறோம். ஆனால் அது முதலில் இந்த மாதிரிக் கேள்விகள்தான்: வேலை எங்கே, வீடு எங்கே, நடுவில் எவ்வளவு தூரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது? ஒன்று விடுபட்டால் மற்றது நிற்கும்.

சரி, ஜூரோங்ல என்ன நடந்துச்சு?

1961-ல் சிங்கப்பூரின் மேற்கு ஓரத்தில் சதுப்பு நிலமும் மேடும் பள்ளமுமாக இருந்த இடத்தில் ஜூரோங் தொழிற்பேட்டை வேலை தொடங்கியது. யோசனைக்குப் பின்னால் இருந்தவர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ. ஆரம்பத்தில் கம்பெனிகள் பெரிதாக வரவில்லை. ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கிண்டல் செய்தார்கள்.

பிறகு ஆலைகள் வந்தன. ஆனால் ஆட்கள் அங்கே குடிவர விரும்பவில்லை. ஊர் மையத்திலிருந்து ரொம்ப தூரம், கடை கண்ணி இல்லை, பொழுதுபோக்கு இல்லை. கிட்டத்தட்ட ஒரகடம் மாதிரிதான். வித்தியாசம் அதன்பிறகு வருகிறது. 1968 ஜூன் 1-ல் ஜூரோங் டவுன் கார்ப்பரேஷன் (ஜேடிசி) என்ற அரசு அமைப்பு தொடங்கப்பட்டது. பெயரிலேயே ‘டவுன்’ என்ற வார்த்தை இருப்பதைக் கவனியுங்கள். ஆலை மனையைக் கொடுத்த அதே அமைப்பு, தொழிலாளிக்கு அடுக்குமாடி வீட்டையும் கட்டியது. பக்கத்திலேயே ஏரி, 1971-ல் பறவைகள் பூங்கா, 1973-ல் ஜப்பானியத் தோட்டம், 1975-ல் சீனத் தோட்டம் என்று வந்தன. தொழிற்பேட்டை நடத்தும் அமைப்புக்குப் பறவைகள் பூங்காவில் என்ன வேலை? ஆள் அங்கே தங்கினால்தான் ஆலை ஓடும் என்பதுதான் கணக்கு.

நம்ம ஊர் சிப்காட்டையும் ஜேடிசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை, மூன்று வருஷம்தான் வித்தியாசம். ஒன்று பூங்காவை நடத்தியது, இன்னொன்று ஊரையும் சேர்த்து நடத்தியது.

அந்த அனுபவம் எப்படி ஏற்றுமதி ஆச்சு?

ஜேடிசியின் தொழில்நுட்பப் பிரிவு பிறகு தனி கம்பெனியானது. சிங்கப்பூரின் வீட்டுவசதி வாரியத்தின் (எச்டிபி) கட்டுமானத் திட்டப் பிரிவும் ‘சர்பானா’ என்ற தனி கம்பெனியானது. 2015-ல் இரண்டும் இணைந்து ‘சர்பானா ஜூரோங்’ ஆனது. உரிமையாளர், சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான டெமாசெக். அடுத்தடுத்து ஆஸ்திரேலியாவின் எஸ்எம்இசி, கனடாவின் பி+எச் ஆர்க்கிடெக்ட்ஸ் போன்ற கம்பெனிகளை வாங்கி, பல கண்டங்களில் வேலை செய்யும் பெரிய ஆலோசனை நிறுவனமாக வளர்ந்தது. ஜேடிசியிலிருந்து கிளைத்த இன்னொரு நிறுவனம் அசெண்டாஸ். சென்னை தரமணியில் இன்டர்நேஷனல் டெக் பார்க்கைக் கட்டியது அதுதான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் தெரியாமலே இந்தக் குடும்பத்தோடு தொடர்பில் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி கம்பெனி என்ன செய்யும்? முதலில் இடத்தை ஆய்வு செய்யும்: மண், மேடு பள்ளம், நீர்வழி, ஏற்கெனவே இருக்கும் ஊர்கள். அடுத்து 20, 30 வருஷத்தில் எத்தனை பேர் வருவார்கள் என்று மதிப்பிடும். அதை வைத்து எது ஆலை, எது வீடு, எது பசுமைப் பகுதி என்று நிலப் பயன்பாட்டு வரைபடம் போடும். அத்தனை பேருக்கு எவ்வளவு தண்ணீர், மின்சாரம், ரோடு அகலம் என்று கணக்கிடும். கடைசியாக, எதை முதலில் கட்ட வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுக்கும். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ‘மாஸ்டர் பிளான்’. ஃபைலை ஒப்படைத்ததும் கம்பெனியின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். அதைக் கட்டுவதும், நடத்துவதும், மீறுகிறவர்களைத் தடுப்பதும் உள்ளூர் அரசின் வேலை. இந்த இடத்தில்தான் பல பிளான்கள் சிக்குகின்றன.

எங்கே வேலை செஞ்சுது, எங்கே சிக்குச்சு?

சுஜோ, சீனா: 1994-ல் சீனாவும் சிங்கப்பூரும் ஒப்பந்தம் போட்டு சுஜோ தொழில் பூங்காவைத் தொடங்கின. ஆலை, வீடு, பள்ளி, பூங்கா எல்லாம் சேர்ந்த ஜூரோங் பாணி நகரம். ஆனால் உள்ளூர் நகராட்சி அதே ஊரில் இன்னொரு தொழில் பகுதியையும் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே நிலம் மலிவு. முதலீட்டாளர்களுக்காக இரண்டும் போட்டி போட்டன. சிங்கப்பூர் தரப்புக்கு நஷ்டம். கடைசியில் 2001-ல் சிங்கப்பூர் தன் பங்கை 65 சதவீதத்திலிருந்து 35 ஆகக் குறைத்துக்கொண்டு, நிர்வாகத்தை சீனத் தரப்பிடம் கொடுத்தது. அதன்பிறகு பூங்கா லாபத்துக்கு வந்து, இன்று சீனாவின் வெற்றிகரமான தொழில் நகரங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. வரைபடம் அப்படியேதான் இருந்தது. உள்ளூர் நிர்வாகம் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டதும் கணக்கு மாறியது.

கிகாலி, ருவாண்டா: 2013-ல் சர்பானா தயாரித்த மாஸ்டர் பிளான் படங்களில் கண்ணாடிக் கோபுரங்களும் நேர்த்தியான குடியிருப்புகளும் இருந்தன. ஆனால் அந்த விதிப்படி வீடு கட்ட ஊரில் பெரும்பாலானோருக்கு வசதி இல்லை என்ற விமர்சனம் வந்தது. 2020-ல் வெளியான திருத்தப்பட்ட பிளானில், கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ளும் வீடுகளுக்கும், கலப்புப் பயன்பாட்டுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. அதையும் சர்பானா ஜூரோங்தான் செய்தது.

அமராவதி, ஆந்திரா: நமக்குப் பக்கத்து உதாரணம். 2015-ல் சிங்கப்பூர் கம்பெனிகள் 217 சதுர கிலோமீட்டர் தலைநகருக்கு பிளான் போட்டுக் கொடுத்தன. விவசாயிகள் ‘லேண்ட் பூலிங்’ முறையில் 33,000 ஏக்கருக்கு மேல் கொடுத்தார்கள். அதாவது, நிலத்தை முழுசாக அரசிடம் ஒப்படைத்துவிட்டு, நகரம் வளர்ந்தபிறகு அதில் ஒரு பகுதியை மேம்படுத்தப்பட்ட மனையாகத் திரும்பப் பெறுவது. 2019-ல் ஆட்சி மாறியது. மூன்று தலைநகரம் என்ற அறிவிப்பு வந்தது. சிங்கப்பூர் கூட்டமைப்போடு போட்ட தொடக்கப் பகுதித் திட்டம் அந்த வருஷமே முடித்துக்கொள்ளப்பட்டது. நிலம் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். 2024-ல் மறுபடி ஆட்சி மாறியபிறகே வேலை தொடங்கியது. பிளான் போட்டவருக்கு இதில் பெரிய இழப்பில்லை. வயலைக் கொடுத்துவிட்டு மனைக்குக் காத்திருந்தவருக்குத்தான் அந்த ஐந்து வருஷம் போனது.

மூன்று ஊரிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்தான். வரைபடத்தை வாங்கிவிடலாம், ஜேடிசி மாதிரி ஒரு அமைப்பின் அதிகாரத்தையும் பொறுப்பையும் பார்சலில் வாங்க முடியாது.

சிங்கப்பூரே முழு மார்க் வாங்கிருச்சா?

இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் தமிழர்களின் பங்கு அதிகம். சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் எச்டிபி வீடுகளில் இருக்கிறார்கள். ஆனால் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போகும் ஒர்க் பெர்மிட் தொழிலாளர்கள் பெரும்பாலும் தனி டார்மிட்டரிகளில். 2020 ஏப்ரலில் அப்படித் தங்கியிருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் அதிகம். ஒரே ரூமில் 12 முதல் 20 பேர், பொதுக் கழிவறை. கொரோனா உள்ளே நுழைந்ததும் தீ மாதிரி பரவியது. அந்த வருஷக் கடைசியில் அரசு வெளியிட்ட கணக்குப்படி, டார்மிட்டரிவாசிகளில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது.

2021-ல் புதிய விதிகள் வந்தன: ஒரு ரூமில் அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், 6 பேருக்கு ஒரு கழிவறை. ஆக, ஜூரோங்கில் குடும்பத்தோடு வாழ வீடு கட்டிய அதே நாடு, வெளியிலிருந்து வந்தவருக்குப் படுக்கை மட்டும் கொடுத்தபோது அதன் விலையைக் கட்டியது.

வல்லம் வடகாலில் ஒரு ரூமுக்கு 6 பேர் என்பது இதைவிட நல்ல நிலைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். 20 வயதில் படுக்கை போதும். 28 வயதில் கல்யாணமாகி, குழந்தை பிறந்தபிறகு அதே ஆலையில் வேலையைத் தொடர ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? ஒரு சின்ன வீடு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம், நடந்து போகும் தூரத்தில் பள்ளி, ராத்திரி ஷிப்டுக்குப் பயமில்லாத ரோடு. இது எதுவும் இல்லையென்றால் அவருடைய வேலைக்காலம் ஹாஸ்டல் காலத்தோடு முடிந்துவிடும். ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரகடத்துல பிளான் போட முதல்ல எதைப் பார்க்கணும்?

ஏரிகளை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் நிலம் என்பது ஏரிச் சங்கிலி. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். வரத்துக் கால்வாய், மதகு, போக்குக் கால்வாய் எல்லாம் ஒன்றோடொன்று கோர்த்தவை. கூகுள் மேப்பில் காலி இடமாகத் தெரிவது, மழைக்காலத்தில் தண்ணீரின் வழியாக இருக்கலாம். ஒரகடம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில்தான் சேர்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேலே ஒரு ஏரியின் கால்வாயை மேடாக்கி ஷெட் போட்டால், கீழே யாரோ ஒருவரின் ஹாலுக்குத் தண்ணீர் வரும். எந்த ஊர் கம்பெனி பிளான் போட்டாலும், கிராமத்தில் மதகு திறந்து மூடத் தெரிந்தவரிடம் பேசாமல் போட்டால் அது பாதி பிளான்தான்.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வெளிநாட்டுக்காரர் செய்து காட்டினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடெஸ், 1914-15-ல் சென்னை மாகாண ஊர்களைச் சுற்றி அறிக்கைகள் எழுதினார். மருத்துவர் நோயாளியைப் பரிசோதித்துவிட்டு மருந்து எழுதுவது போல, முதலில் ஊரை நடந்து பார்க்க வேண்டும், இருப்பதை இடிக்காமல் சின்னச் சின்னதாகச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் வழி. அவரைத் தொடர்ந்து எச்.வி.லான்செஸ்டர் வந்து சென்னையின் நகரத் திட்டமிடல் பற்றிப் புத்தகம் எழுதினார். 1920-ல் சென்னை நகரத் திட்டமிடல் சட்டமும் வந்தது. எனவே ஃபாரின் பிளானர் நமக்குப் புதுசில்லை. வந்தவர் நடந்து பார்த்தாரா, மேலிருந்து பார்த்தாரா என்பதுதான் விஷயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய பிளானிங் கம்பெனிகளுக்கு அழைப்பு பெரும்பாலும் புதிய, காலியான இடத்துக்குத்தான் போகிறது. ஜப்பானின் ஜைகா 2015-ல் முடித்த சென்னை-பெங்களூரு தொழில் வழித்தட ஆய்வில், தமிழ்நாட்டில் புதிய தொழில் நகரத்துக்குத் தேர்வான இடம் பொன்னேரி. ஏற்கெனவே ஆலையும் ஊரும் ஏரியும் பின்னிக் கிடக்கும் ஒரகடம் மாதிரி இடத்தில், ஒரு தெருவுக்குச் சாக்கடை போடுவதே நூறு பேரைச் சம்மதிக்க வைக்கும் வேலை. அந்த வேலைக்கு அழகான 3டி படம் கிடையாது. ஆனால் லட்சக்கணக்கானோர் இன்று வாழ்வது அங்கேதான்.

இப்ப என்ன மாறுது?

சில விஷயங்கள் நகர்கின்றன. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இதனால் சிஎம்டிஏ வட்டத்துக்குள் வருகின்றன. இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கானது. எனவே மூன்றாவது பிளான்தான் இந்தப் பகுதியை முதல்முறையாக சென்னையோடு சேர்த்து வரையப்போகிறது.

பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ நீட்டிப்பு முன்மொழியப்பட்டிருக்கிறது. கம்பெனி பஸ்ஸை மட்டும் நம்பியிருக்கும் பகுதிக்கு அது பெரிய மாற்றம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில், தொழிலாளர்களுக்கு டார்மிட்டரி வகை வாடகைத் தங்குமிடங்களை அரசு-தனியார் கூட்டில் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

மறுபக்கம், 2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்கு 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்படுகிறது. ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். வயலும் ஏரியும் போவதுதான் அவர்களின் முக்கியக் கவலை. அடுத்த கட்ட வளர்ச்சியின் வரைபடத்தில் அவர்களின் ஊர் ஒரு பெயராக இருக்குமா, ரன்வேயாக இருக்குமா என்பது அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

‘உலகத் தர மாஸ்டர் பிளான்’னு செய்தி வந்தா என்ன கேட்கணும்?

அடுத்த முறை உங்கள் போனில் இப்படி ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், 3டி படத்தை ஷேர் செய்வதற்கு முன் இந்த ஐந்தையும் தேடிப் பாருங்கள்.

1. யார் நடத்துவார்கள்? பிளான் போட்ட கம்பெனி போனபிறகு, ரோடு, வீடு, சாக்கடை எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரே அமைப்பு இருக்கிறதா? சிப்காட், ஊராட்சி, சிஎம்டிஏ என்று ஃபைல் சுற்றப்போகிறதா?

2. வீடா, படுக்கையா? எத்தனை படுக்கை என்று சொல்லியிருப்பார்கள். குடும்பத்தோடு இருக்க, ஆலைத் தொழிலாளியின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் எத்தனை வீடு?

3. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? ஏரியும் கால்வாயும் வரைபடத்தில் நீல நிறத்தில் இருக்கின்றனவா, வேறு நிறத்துக்கு மாறிவிட்டனவா?

4. நிலம் கொடுத்தவருக்கு எப்போது, என்ன? ஆட்சி மாறினாலும் அந்த வாக்குறுதி நிற்குமா? அமராவதி இதற்குத்தான் பாடம்.

5. முதல் கட்டத்தில் எது? ஆலை முதல் கட்டம், பள்ளியும் மருத்துவமனையும் நான்காம் கட்டம் என்றிருந்தால், நடுவில் இருக்கும் வருஷங்களை யார் சமாளிப்பார்கள்?

வரைவு மாஸ்டர் பிளான் வெளியாகும்போது மக்கள் கருத்துச் சொல்லச் சட்டப்படி கால அவகாசம் உண்டு. தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அந்த நாட்களில் ஆட்சேபம் எழுதிக் கொடுப்பவர்களில் மனை வியாபாரிகளும் பெரிய கம்பெனிகளும் நிச்சயம் இருப்பார்கள். ஒரகடத்தில் வாடகைக்கு இருக்கும் டெக்னீஷியனோ, வல்லம் ஹாஸ்டலில் இருக்கும் ஆபரேட்டரோ, மணிமங்கலத்தில் வயல் வைத்திருப்பவரோ எழுதுவது அரிது. மூன்றாவது மாஸ்டர் பிளானுக்கு அந்த வாய்ப்பு வரும்போது, இந்தப் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்காவது கடைசித் தேதியை ஃபார்வர்டு செய்யுங்கள். வீட்டு வாடகை, பஸ், ஏரி, குழந்தைகள் காப்பகம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாலே அது பதிவில் ஏறும்.